கச்சான் வருமுன்

ஏப்ரல் 15 விடிந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையின் விசைப்படகுகளுக்குக் கடல் கிடையாது. மீன் இனம் பெருகும் காலம் என்பது அரசு சொல்லும் காரணம். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றைத் தடுப்பது வேறொன்று, அது அரசாணையைவிடப் பழையது.

இந்தக் கரையின் பஞ்சாங்கத்தைக் காற்றுதான் எழுதியிருக்கிறது. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். தையில் வாடை அடங்கினால் மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் கடல் சாதுவாகக் கிடக்கும். வைகாசியில் கச்சான் எழும். மலைக் கணவாய்களில் நுழைந்து, ஈரத்தையெல்லாம் மேற்கிலேயே இறக்கிவிட்டு, வறண்டு வந்து சேரும் காற்று அது. வந்துவிட்டால் ஆடி முடியும்வரை அதன் ஆட்சிதான். நடுவில் கிடைக்கும் அந்தச் சாதுவான வாரங்களை நம்பித்தான் இங்கே முத்துக் குளித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதி வைத்த கணக்கும் அதுதான்: ஏப்ரல் தொடங்கி மே பாதி வரை.

நாங்கள் அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்ததற்குக் காற்று காரணமல்ல, பள்ளிக்கூட விடுமுறை. என் மச்சினன் தன்னுடைய பழைய ஆம்னி வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மேலே கோரைப்பாய் விரித்து வைத்திருந்தான். பலகைக்குக் கீழே ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், இரண்டு தண்ணீர் கேன், அரிசிப் பை. “கேம்பர் வேன் அத்தான்” என்றான், லண்டன் போய் வாங்கி வந்த தோரணையில். எனக்குச் சிரிப்பு வந்தது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதா? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் தேடிப் போகிற குடும்பங்கள் பானை சட்டியோடுதான் வேன் ஏறுகின்றன. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறை கூண்டு வண்டியில் போனது, அவ்வளவுதான்.

முதலில் பழைய துறைமுகத்துக்குப் போனோம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் கண்டெய்னர்கள் மலையாய் அடுக்கியிருக்க, ஊருக்குள் இருக்கும் பழையதில் இன்னும் தோணிகள் நிற்கின்றன. தோணி என்றதும் ஆறு கடக்கும் ஓடத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றும் மரக்கப்பல் இது. ஒரு காலத்தில் கொழும்புக்கு, இப்போது பெரும்பாலும் மாலத்தீவுக்கு. வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று அந்தத் தீவுக்காரர்களின் அடுக்களையும் வீடும் கொஞ்சம் தூத்துக்குடியை நம்பித்தான் இருக்கின்றன. கப்பல் தலைவருக்குத் தண்டல் என்று பெயர், சமைப்பவர் பண்டாரி. கச்சான் மாதங்களில் தோணி ஓடாது. அப்போதுதான் ஓடாவிகளுக்கு வேலை: பலகை மாற்றுவது, இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துக் கலப்பற்று பார்ப்பது. நாங்கள் போனபோதே ஒரு தோணியில் அந்த ‘டொக் டொக்’ தொடங்கிவிட்டது.

தோணியில் இன்று ஓடுவது எஞ்சின். பாய் விரித்த தோணியை நான் பழைய புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். இதே ஊரில் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்தார். அவை பாடப்புத்தகத்தில் ஏறின. அதற்கு முன்னும் பின்னும் சத்தமில்லாமல் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்த பாய்த்தோணிகள் ஏறவில்லை. அவற்றுக்கு இடம் கொடுத்தது நாவல்தான்: ஜோ டி குருஸ் 2009-ல் எழுதிய ‘கொற்கை’. 2013-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கடலோடி ஒருவர் எழுதியதால்தான் தண்டலும் பண்டாரியும் பேச்சுமொழியோடு அச்சில் வந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஊரை விட்டுத் தெற்கே இறங்கினால் முள்ளக்காடு தொடங்கி சாலையின் இருபுறமும் உப்பளம். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது இந்த மாவட்டத்தில்தான். வெயிலில் பாத்திகள் கண்ணைக் குத்துகின்றன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த நாங்களே கண்ணைச் சுருக்கினோம், உப்பு வாரும் பெண்களுக்கு ஒரு முந்தானைதான். உப்புக்கு வெயில் மட்டும் போதாது, காய்ந்த காற்றும் வேண்டும். கடலோடி வெறுக்கும் கச்சானை உப்பளத்துக்காரர் வரவேற்பார். பாத்தி வரப்பில் நெடுங்கால் உள்ளான் சிவந்த காலோடு நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. பக்கத்தில் எங்கோ முட்டை இருந்திருக்க வேண்டும். தூரத்தில் பூநாரைகள். பிள்ளைகள் வேனை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். இப்படி நிறுத்துவதற்குத்தான் வேன். பஸ்ஸில் போனால் பூநாரை வெறும் வெள்ளைப் புள்ளி.

அடுத்து பழையகாயல். மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதிய பெருந்துறை, அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். இன்று அங்கே கடலே இல்லை. சாலையோரத்தில் அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலைதான் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே உள்ளே போனால் கொற்கை.

கொற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவதற்குத் தயாராகப் போக வேண்டும். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம், கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ ஏட்டில் ‘கொல்கி’ என்று வரும் ஊர் என்றெல்லாம் படித்துவிட்டுப் போனால், எதிரே நெல்வயலும் வாழையும் ஒரு பெரிய குளமும் நிற்கும். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. போக வைத்தது தாமிரபரணி. ஆறு மண் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கரை முன்னே நகர்ந்தது, துறைமுகம் கடலின் பின்னாலேயே ஓடியது: கொற்கையிலிருந்து பழையகாயல், பிறகு புன்னைக்காயல், கடைசியில் ஆற்றுவாயை விட்டே விலகித் தூத்துக்குடி.

குளத்துக்கரையில் வெற்றிவேல் செழியநங்கை அம்மன் கோயில் இருக்கிறது. கண்ணகிதான் இந்த அம்மன் என்று சொல்வார்கள். அக்கசாலை என்ற பெயரில் சிற்றூரே உண்டு, பாண்டியர் காசடித்த இடம் என்று நம்பிக்கை. முதிர்ந்த வன்னிமரம் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாயிரம் வயது என்று பலகை சொன்னாலும் மரத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து 1877-ல் எழுதினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69-ல் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் சொன்னது. 2021-ல் மறுபடி குழி வெட்டினார்கள். எனக்குப் பிடித்தது இவையல்ல, ஜேம்ஸ் ஹார்னெல் பொறுக்கியெடுத்த துண்டுகள். சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு மீன்வளத்தைக் கவனித்த அதிகாரி அவர். கொற்கையிலும் காயலிலும் தரையில் கிடந்த, வாளால் அறுத்த சங்குத் துண்டுகளைப் பார்த்து, இங்கே வளையல் பட்டறைகள் இருந்தன என்று 1914-ல் எழுதினார். அரசன் பெயர் கல்வெட்டில் வரும். சங்கு அறுத்தவன் விட்டுப்போனது அந்தக் கழிவு மட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பெரிப்ளூஸ்’ சொல்வதன்படி இங்கே முத்துக் குளிக்க வைக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள். கொற்கை முத்தைப் பற்றிப் பெருமை பேசும் மேடைகளில் இந்த வரி அநேகமாக வருவதில்லை.

ஏரலில் என் மனைவியின் சித்தி வீடு. ஆற்றுக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வாழை, இரண்டு முருங்கை, ஒரு கிணறு, வேலியோரம் ஐந்தாறு பனை. வேனை அங்கே நிழலில் நிறுத்திவிட்டு, கொல்லைத் திண்ணையே கதி என்று கிடந்தோம். வெளியே போனால் வெயில் அடித்துக் கொல்லும். உள்ளே இருந்தால் மின்விசிறி அனல் ஊதும். எனவே பார்க்க ஆரம்பித்தோம்.

தோட்டத்தைப் பார்ப்பது என்பது பழக வேண்டிய வேலை. முதலில் ஒன்றும் தெரியாது, தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சண்டைச் சத்தம்தான் கேட்கும். சற்றுப் பொறுத்தால் வாழைப்பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்குவது கண்ணில் படும். கிணற்றடி ஈரத்துக்கு அரணை வரும். வேலிக்கடியில் செம்போத்து, பெரிய மனிதர் நடைபோட்டு, எதையோ தேடிக்கொண்டு போகும். ஒரு முற்பகலில் கீரி ஒன்று எங்களை ஆளாகவே மதிக்காமல் முற்றத்தைக் குறுக்கே கடந்தது. கீரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று சித்தி சொன்னதும், பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்து உட்காரத் தொடங்கினார்கள். பள்ளி நாட்களில் எழுப்ப அரைமணி நேரம் ஆகும்.

எங்களை அதிகம் பிடித்து வைத்தவை பனை உழவாரன்கள். கத்திபோல வளைந்த சிறகு, ஓயாத பறப்பு. அவற்றின் கூட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நேரம் ஆனது. தொங்கும் காவோலையின் அடிப்பக்க மடிப்பில், இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிய சிறு கிண்ணம். முட்டையையும் அதில் எச்சிலாலேயே ஒட்டி வைக்கும். ஓலை காற்றில் எப்படித்தான் ஆடினாலும் கொட்டாது. காற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டிய வீடு அது. பனையை வெட்டினால், கருக்கைச் சுத்தமாகக் கழித்தால், அந்தப் பறவைக்கு வேறு இடம் இல்லை. கான்கிரீட் வீட்டில் இடுக்கு கிடைத்தால் வாழும் நாட்டு உழவாரன் வேறு இனம்.

இரவில் பனையில் ஏதோ ஏறும் சத்தம். பதனிக் கலயத்தின் மேல் டார்ச் அடித்தால் இரண்டு கண்கள் மின்னின.

“மரநாய்தான் மாப்ள. வேற என்ன? எங்க தாத்தா காலத்துல இருந்து பதனி குடிச்சுட்டுப் போவுது. பனையேறி வஞ்சுக்கிட்டே இன்னொரு கலயம் கட்டுவாரு” என்றார் சித்தி.

அதன்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். “அதுக்கும் பனதானே வீடு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மயிலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் இந்தப் பெருந்தன்மை காணாமல் போனது. வயலில் இறங்கும் மயிலைப் பற்றி அவர் சொன்னவற்றை அச்சில் போட முடியாது.

பதனி மாசிக்குப் பிறகு சுரக்கத் தொடங்கி, கோடை முழுவதும் இறங்கும். விடிகாலையில் பட்டை மடித்து ஊற்றிக் குடித்தால் மதியம்வரை பசியில்லை. மிஞ்சியது கருப்பட்டியாகும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பனையேறப் பையன்கள் கிடைப்பதில்லை.

பாய் விரித்துப் போவது எங்கள் பட்டியலில் பிள்ளைகள் சேர்த்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், சித்தி வீட்டுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டார். அவருடைய வள்ளத்தில் எஞ்சின் உண்டு, டீசல் விலை ஏறும்போது துணைக்கு ஒரு பாயும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி எதிலும் இறங்கக் கூடாது. அந்த ஆசையே வேண்டாம், ஆற்றுவாயிலிருந்து கரையை ஒட்டிப் போய் வரலாம் என்றார்.

“எப்ப வரணும் அண்ணாச்சி?”

“விடியமுன்ன வாங்க தம்பி. கரக்காத்து இருக்கும்போதே வெளிய போயிரணும். திரும்பும்போது கடக்காத்து கொண்டாந்து விட்டுரும்.”

முத்துக் குளித்த காலத்தின் முறையும் இதேதான். நள்ளிரவு தாண்டிக் கரைக்காற்றில் படகுகள் முத்துச் சிப்பி விளையும் பார்களுக்குப் போகும். வெயில் ஏறி கடற்காற்று எழுந்ததும் சிப்பியோடு திரும்பும். எந்த எஞ்சினும் இல்லாமல் போகவும் வரவும் ஒரே நாளில் இரண்டு காற்று.

நாங்களும் விடியுமுன் கிளம்பினோம். ஆற்றின் இருபுறமும் அலையாத்திக் காடு. கொக்கும் நீர்க்காகமும் இன்னும் தூக்கத்தில். கழிமுகத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி, பருமலோடு பாயை ஏற்றினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பாய் தொளதொளவென்று அடித்துக்கொண்டது. என் மகன், “இவ்வளவுதானா?” என்று கேட்டான். அவர் கயிற்றை ஒரு முழம் இழுத்துக் கட்டினார். பாய் புடைத்தது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமே இல்லாமல் நகர்ந்தது. எஞ்சினில் போகும்போது கடலைக் கிழித்துக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பு வரும். இதில் கடல் சம்மதித்த அளவுக்குத்தான் போக முடிகிறது. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. மச்சினனுக்குக் குமட்டல் வந்து அணியத்தில் சுருண்டுவிட்டான், அவனுடைய கேம்பர் வேன் கம்பீரம் அன்றைக்கு இல்லை.

பெரியவரின் தகப்பனார் முத்துக் குளித்தவர். கடைசி முத்துக் குளிப்பு 1961-ல். அதற்கு முன் சில ஆண்டுகள் தொடர்ந்து நடந்து, அதோடு நின்றது. காலில் கல் கட்டி, மூச்சை அடக்கி, எட்டு பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவது. மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும், தங்கச்சியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று அப்பா சொல்வாராம். சுறாவுக்கு மந்திரம் சொல்லி வாயைக் கட்டும் கடல்கட்டிகள் கரையில் இருந்தார்கள். மார்க்கோ போலோ காலத்தில் எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, பத்தில் ஒன்று அரசனுக்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனை விட, கரையில் நின்று மந்திரம் சொன்னவனுக்கு நல்ல வியாபாரம்.

முத்துச் சிப்பி ஏன் போயிற்று என்று கேட்டேன். “சூரன்” என்றார். சிப்பிக் குஞ்சுகளின் மேல் பாயாகப் படர்ந்து மூச்சுமுட்ட வைக்கும் ஒருவகை மட்டி அது. ஹார்னெல் காலத்து அறிக்கைகளிலும் இந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. மணல் பெயர்ந்து பார்களை மூடுவதும் உண்டு. அந்தப் பார்களில் சிப்பி எந்தக் காலத்திலும் ஆண்டுதோறும் விளைந்ததில்லை. பல ஆண்டு வெறுமையாகக் கிடந்து திடீரென்று நிறையும். அப்படி நிறைவதற்காகக் காத்திருந்ததில்தான் கடைசியாக அறுபது வருடம் ஓடிவிட்டது. இடையில் 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், சிப்பிக்குள் உட்கரு வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அது ஆய்வாளர்களின் வெற்றி. குளியாளிகள் அதற்குள் சங்குக்கு மாறியிருந்தார்கள். திரேஸ்புரத்தில் இன்றும் சங்குகுளித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

கடற்காற்று எழுந்தது. பாயை மாற்றிப் பிடித்து, எஞ்சினைத் தொடாமலே ஆற்றுவாய்க்குள் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தபோது டீசலுக்கு ஆன பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, “பாய் விரிச்சதுக்குக் காசு வேண்டாம், அது எனக்காக விரிச்சது” என்றார்.

கடைசியாக வேனைத் தேரிக்கு ஓட்டினோம். திருச்செந்தூருக்கு மேற்கே திடீரென்று நிலம் சிவக்கும். குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு என்று கண்ணுக்கெட்டியவரை செம்மணல் மேடு. நடுநடுவே பனை, முந்திரி, குடை விரித்த உடைமரம். பாலைவனம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பாலைவனம் இல்லை, காற்று செய்த நிலம். மேற்கே உள்ள செம்மண் சமவெளியைக் கச்சான் ஆண்டாண்டாகச் சுரண்டிக் கொண்டுவந்து இங்கே குவித்திருக்கிறது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னரும் பிரிஜட் ஆல்சினும் 1956-ல் எழுதினார்கள். கொற்கைக்குக் கப்பல் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காற்றைச் சகித்துக்கொண்டு இங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேரே தெற்கே ஏவலாம் என்பது வசதி. ராக்கெட் விடுகிறவர்களும் ஒவ்வொரு முறையும் காற்றை அளந்துதான் தீ மூட்ட வேண்டும்.

அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வெளியே மர நிழலில் வேனை நிறுத்தினோம். செம்மணலுக்கு நடுவே வற்றாத சுனை. பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம் அடுப்புக் கல்லை எங்களுக்கு விட்டுக்கொடுத்தது. கல்லடுப்பில் சுள்ளி வைத்து ஆக்கிய சோறு, சித்தி கட்டிக் கொடுத்த கருவாட்டுத் தொக்கு. வேனுக்குள் ஆறு பேர் படுக்க முடியாது என்பது படுத்தபின் தெரிந்தது, ஆண்கள் மணலில் பாய் போட்டோம்.

நடுராத்திரிக்கு மேல் உடைமரம் இரைந்தது. நேரே மேற்கிலிருந்து காற்று. விடியும்போது பாயின் ஒரு பக்கம் மணல் வரப்பு கட்டியிருந்தது, தொக்குச் சட்டியில் மேல்படியாக ஒரு விரல் கனம் சிவப்பு. பிள்ளைகளுக்கு இன்னொரு முறை பாய்வள்ளத்தில் போக வேண்டுமாம். மச்சினன் பல்லில் மணலோடு புன்னைக்காயலுக்குப் போன் போட்டான்.

“அங்கயும் அடிக்குதா? அப்ப இனி ஆவணிக்கு மேல வாங்க” என்று பெரியவர் வைத்துவிட்டார்.

ஆவணியில் பள்ளிக்கூடம் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தோம், மகன் காலாண்டு விடுமுறையைக் கணக்குப் போட ஆரம்பித்தான்.